மாஜிக் லாந்தர் முதல் கைப்பேசி வரை: சீன எழுத்து ஏழைக்கு எட்டிய வரலாறு

எழுத்து என்பது ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவான செல்வமா, அன்றி ஓய்வும் பொருளும் உடைய சிலர் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட உடைமையா? இக்கேள்வி பல நாடுகளில் எழுந்ததுண்டு. சீன நாட்டில் அது மிகக் கூர்மையாக எழுந்தது. ஏனெனில், தம் எழுத்து பாமரனுக்கு எட்டாத அருமையுடையது என்று அந்நாட்டுக் கற்றோரே நெடுங்காலம் பறைசாற்றி வந்தனர்.

இக்காலத்தில் சீன மொழியும் சீனர் பண்பாடும் இணையத்தின் வாயிலாகக் கற்பிக்கப்படுகின்றன. கைப்பேசித் திரையில் ஓர் எழுத்தை விரலால் தொட்ட மாத்திரத்தில் அதன் ஒலி கேட்கிறது. கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி எழுத்து உருவாகும் வகை தெரிகிறது. பொருள் படமாக முன் நிற்கிறது. கதையும் பாட்டும் விழாவும் அசையும் படங்களாக விரிகின்றன. இவை யாவும் நேற்று முளைத்த விந்தை என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் சரியன்று. படத்தையும் ஒலியையும் நாடகத்தையும் எழுத்தோடு கூட்டிச் சீனம் கற்பிக்கும் முயற்சிக்கு வயது நூறு ஆகிறது. அதற்கு வித்திட்டது பல்கலைக் கழகமும் அன்று. அரசர் மாளிகையும் அன்று. அந்நிய மண்ணில் மூட்டை சுமந்தும் குழி வெட்டியும் வாழ்ந்த கூலிகளின் முகாமே அதற்கு விளைநிலமாயிற்று. ஆதலின் தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்து வாழும் நம்மவர் அவ்வரலாற்றை அறிதல் நலம்.

பூட்டிய கதவு

சீன எழுத்து நம் நெடுங்கணக்குப் போன்றதன்று. தமிழின் 247 எழுத்தையும் அறிந்த ஒருவன் தான் முன்பின் கண்டிராத சொல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவான். சீனத்திலோ ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசையைக் குறிப்பது. பெரும்பாலும் அதற்கென ஒரு பொருளும் உண்டு. 1716-இல் காங்சி மன்னரின் ஆணையால் வெளிவந்த பேரகராதியில் 47,035 எழுத்துகள் காணப்படுகின்றன. அவற்றுள் மிகப் பல வழக்கொழிந்தவை. செய்தித்தாள் படிப்பதற்கு மூவாயிரம் அளவே போதும். எனினும் அம்மூவாயிரத்தையும் கற்பதற்கு ஓய்வு வேண்டும், ஆசிரியன் வேண்டும், உணவுக்குக் கவலையற்ற வீடும் வேண்டும்.

அவ்வெழுத்துகள் முறையற்ற குவியல் என்றும் நினைத்துவிடலாகாது. மரத்தைக் குறிக்கும் உருவை இருமுறை சேர்த்தெழுதினால் தோப்பு. மும்முறை எழுதினால் காடு. பெண்ணைக் குறிக்கும் உருவோடு குதிரையைக் குறிக்கும் உருவைச் சேர்த்தால் ‘தாய்’ என்னும் சொல் பிறக்கிறது. இங்கே குதிரைக்கு உள்ள வேலை ‘மா’ என்னும் ஒலியைத் தருவது மட்டுமே. இவ்வமைப்பை எடுத்துச் சொன்னால் சிறு குழந்தையும் விளங்கிக்கொள்ளும். ஆனால் பழைய பள்ளிகளின் வழக்கம் வேறு. 6-ஆம் நூற்றாண்டில் சோ சிங்சி என்பவர் இயற்றிய ‘ஆயிரம் எழுத்து நூல்’ ஓர் எழுத்தும் இருமுறை வாராமல், அடிக்கு நான்கு எழுத்தாக, 250 அடிகளில் அமைந்தது. நூல் அரியதுதான். ஆயினும் சிறுவர்கள் பொருள் தெரியாமலே அதனை உரக்க ஓதி நெட்டுருச் செய்தனர். ஆசிரியருக்கு முதுகைக் காட்டி நின்று ஒப்பித்தனர். பொருள் உரைப்பதெல்லாம் பின்னாளில் நடக்கும். அதற்குள் ஏழைச் சிறுவன் வயலுக்குப் போயிருப்பான்.

நல்ல வழி ஒன்று தோன்றாமலும் இல்லை. 15-ஆம் நூற்றாண்டிலேயே வீட்டுப் பொருள், தொழிற்கருவி, விலங்கு முதலியவற்றின் படத்தை ஒருபுறமும் அதற்குரிய எழுத்தை மறுபுறமும் அச்சிட்ட பாலபாடம் சீனத்தில் இருந்தது. ஐரோப்பாவில் கொமேனியஸ் என்பார் 1658-இல் வெளியிட்ட புகழ்பெற்ற படநூலுக்கு அது இருநூறு ஆண்டு மூத்தது. ஆனால் அரசாங்கப் பரீட்சைக்கு உதவும் நூலே நூலென்று மதிக்கப்பட்ட காலம் அது. அப்பரீட்சை முறை 1905-இல்தான் ஒழிந்தது. அதுவரை உழவனும் பெண்ணும் கதவுக்கு வெளியே நின்றனர். அவர்களுக்குச் சீனர் இட்ட பெயர் ‘கண் விழித்த குருடர்’ என்பது.

சிங்கப்பூர்த் தெலுக் ஆயர் தெருவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த சோங்வென் மண்டபத்தை நம்மவர் பலர் கண்டிருப்பர். எழுத்துப் பொறித்த தாள் காலில் மிதிபடலாகாதென்று, அத்தகைய தாள்களைத் திரட்டி மரியாதையோடு எரிப்பதற்கு அங்கே ஓர் உலை இருந்தது. தாளுக்கு இத்துணை மரியாதை! அந்தத் தாளைப் படிக்க இயலாமல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதனுக்கோ அதில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. எழுத்தைத் தெய்வமாக்கி மனிதனைத் தள்ளி வைக்கும் வழக்கம் சீனருக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் சொல்லியா தெரியவேண்டும்?

கூலிகள் முகாமில்

1914-இல் மூண்ட உலகப் போரில் பிரிட்டனும் பிரான்சும் ஆட்பஞ்சத்தால் வருந்தின. ஏறத்தாழ 1,40,000 சீனத் தொழிலாளர் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஷாண்டுங் மாகாணத்து உழவர்கள். பதுங்கு குழி வெட்டுவது, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவது, பாதை போடுவது, போருக்குப்பின் குண்டும் பிணமும் கிடந்த நிலத்தைத் துப்புரவு செய்வது ஆகியவை அவர்கள் தொழில். ‘கூலி’ என்ற பெயரே அவர்களுக்கு வழங்கிற்று. நம் தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் இப்பெயரைச் சீனர் தம் எழுத்தில் எழுதும்போது, ‘கசப்பு’ என்னும் எழுத்தையும் ‘வலிமை’ என்னும் எழுத்தையும் இணைத்து எழுதினர். கசந்த வலிமை! இதனினும் பொருத்தமான உரை அச்சொல்லுக்கு வேறு ஏது?

1918-இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்ற யென் யாங்சு என்னும் சீன இளைஞர், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் சார்பில் பூலோன் நகரத்து முகாமுக்கு வந்தார். பகலெல்லாம் உழைத்த தொழிலாளர் இரவில் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஊரிலுள்ள தாய்க்கும் மனைவிக்கும் கடிதம் எழுதித் தரவேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். இரவுதோறும் எழுதியும் கடிதங்கள் தீர்ந்தபாடில்லை. ஒருநாள் யென் அவர்களைக் கூட்டி, இனி எழுதித் தருவதைவிட எழுதக் கற்றுத் தருவதே நலம் என்று கூறினார். கூட்டம் சிரித்தது. கூலிக்கு எழுத்தா என்று அவர்களே நம்ப மறுத்தனர். முடிவில் நாற்பது பேர் துணிந்தனர். நான்கு மாதம் பாடம் நடந்தது. முப்பத்தைவர் தேறித் தம் கையாலேயே கடிதம் எழுதினர்.

இந்த முப்பத்தைவரே யென்னின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவர்கள். தம் நாட்டு உழைப்பாளியிடம் குறைந்திருந்தது அறிவன்று, வாய்ப்பே என்பதை அவர் அன்று கண்டார். தம்மைப்போன்ற படித்தவர்களின் அறியாமை, படியாதவர்களின் அறியாமையினும் பெரிது என்பதையும் உணர்ந்தார். 1919-இல் ‘சீனத் தொழிலாளர் வாரப் பத்திரிகை’யைப் பாரிசில் தொடங்கினார். எளிய நடையில் நாட்டுச் செய்தியும் போர்ச் செய்தியும் அதில் வெளிவந்தன. சில காலம் சென்றபின் ஒரு தொழிலாளியிடமிருந்து கடிதம் வந்தது. பத்திரிகையால் உலக விவகாரம் அறிந்தேன். இவ்வளவு மலிவாக விற்றால் பத்திரிகை நின்றுபோகுமோ என்று அஞ்சுகிறேன். பிரான்சில் நான் மிச்சம் பிடித்த 365 பிராங்கை இதனுடன் அனுப்புகிறேன் என்பது அதன் கருத்து. மூன்றாண்டு உழைப்பில் சேர்த்த பணம் அது. தொழிலாளிக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று வாய் கூசாமல் பேசுவோர் இந்த 365 பிராங்குக்கு என்ன விடை சொல்வர்?

ஆயிரம் எழுத்தும் ஒளித்திரையும்

தாய்நாடு திரும்பிய யென்னும் அவர் கூட்டாளிகளும் முதலில் செய்த வேலை எழுத்தைக் குறைப்பது. எந்த எழுத்து ஏழைக்கு வேண்டும், எந்த எழுத்து வேண்டாம் என்று எப்படி அறிவது? கல்வியாளர் சென் ஹெசின் 1920-களில் பேச்சுநடை நூல்களையும் பத்திரிகைகளையும் எடுத்து, 5,54,478 எழுத்துகளை எண்ணிக் கணக்கிட்டார். திரும்பத் திரும்ப வருபவற்றைக் கழித்தால் எஞ்சியவை 4,261 வேறு எழுத்துகளே. அவற்றுள்ளும் சில நூறு எழுத்துகளே பக்கத்தின் பெரும்பகுதியை நிரப்பின. ஆகவே மிகுதியும் வழங்கும் ஆயிரத்தைத் தேர்ந்து கற்பித்தால், கடிதமும் கணக்கும் எளிய பத்திரிகையும் கைக்கு எட்டிவிடும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், 96 பாடங்கள், நான்கு மாதங்கள் என்று திட்டம் வகுத்தனர். பழைய ‘ஆயிரம் எழுத்து நூல்’ அரண்மனைப் புலவர் இயற்றியது. புதிய ஆயிரமோ சந்தைத் தெருவில் பொறுக்கியது.

1922-இல் சாங்ஷா நகரில் முதற் பெருமுயற்சி நடந்தது. நகரைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தொண்டர்கள் வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்று ஆள் சேர்த்தனர். சுவரொட்டி ஒட்டினர், ஊர்வலம் வந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். கற்பிக்க வந்த தொண்டர்களுள் மா சேதுங் என்னும் இளைஞரும் ஒருவர். பிற்காலத்தில் அவரும் யென்னும் வேறு வேறு பாதையில் சென்றது உலகம் அறிந்த செய்தி.

ஆசிரியர் சிலர், மாணாக்கர் பலர் என்ற நிலையில் மாஜிக் லாந்தர் கைகொடுத்தது. இருண்ட கூடத்தில் வெள்ளைத் திரை கட்டி, கண்ணாடித் தகட்டின் வழியே விளக்கொளியைப் பாய்ச்சுவார்கள். முதலில் ஒரு படம் தோன்றும். அடுத்து அப்படத்துக்குரிய எழுத்து பெரிதாகத் தோன்றும். கூட்டம் முழுவதும் ஒரே குரலில் அதனைச் சொல்லும். ஒரே ஆசிரியர் பெருங்கூட்டத்துக்குப் பாடம் சொல்ல முடிந்தது. வயதுவந்த தொழிலாளிக்குக் கூச்சமும் குறைந்தது. இருட்டில் எவரும் எவரையும் பார்த்து நகைக்க முடியாதன்றோ? இன்றைய இணையப் பாடத்தில் படமும் ஒலியும் எழுத்தும் ஒருங்கே வரும் முறைக்கு இந்தத் திரையே பாட்டன் எனலாம்.

விளக்கும் திரையும் இல்லாத இடத்துக்கு என் செய்வது? இதற்கு விடை கண்டவர் தாவ் சிங்ஜி. அமெரிக்காவில் ஜான் தூயியிடம் பயின்று வந்த பேராசிரியரான இவர், பட்டாடையைக் களைந்து உழவர் உடையணிந்து, 1927-இல் நான்கிங் நகருக்கு அருகே சியாவ்சுவாங் கிராமத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி அமைத்தார். 1930-இல் அரசாங்கம் அதனை மூடியது. அவர் ஓயவில்லை. 1934-இல் ‘சிற்றாசிரியர்’ முறையைப் பரப்பினார். பள்ளியில் காலையில் ஐந்தெழுத்துக் கற்ற சிறுவன், மாலையில் அதே ஐந்தெழுத்தை வீட்டிலுள்ள தாய்க்கும் பாட்டிக்கும் அண்டை வீட்டுக்காரனுக்கும் கற்பிப்பான். அந்நிய ஆடவர் நுழைய முடியாத வீட்டின் உட்புறத்திற்குக் குழந்தை தடையின்றிச் செல்லும். பெண்கல்விக்கு இதனினும் மலிவான வழி கிடையாது. தாவின் சொந்தத் தாயாரே தம் ஆறு வயதுப் பெயரனிடம் எழுத்துக் கற்றவர். கற்றவன் கற்பிக்கக் கடமைப்பட்டவன் என்பதே அம்முறையின் உயிர்.

தட்டில் பேசிய குரல்

எழுத்தின் தொல்லை இவ்வாறு குறைய, ஒலியின் தொல்லை எஞ்சி நின்றது. சீனத்தில் ஒரே அசை, குரல் ஏறி இறங்கும் வகையால் பொருள் மாறும். ‘மா’ என்பதைச் சமமாக நீட்டினால் தாய், ஏற்றினால் சணல், தாழ்த்தி எடுத்தால் குதிரை, வெடுக்கென இறக்கினால் வைதல். இதனை ஏட்டில் எப்படிக் காட்டுவது? மேலும் காண்டனில் பேசுவது பீக்கிங்கில் விளங்காது. ஹொக்கியன் பேசுவோன் ஹக்காவை அறியான். நாட்டுக்கு ஒரு பொது ஒலிப்பு வேண்டுமென்று 1913-இல் அறிஞர்கள் கூடினர். மாகாணத்துக்கு ஒரு வாக்கு என்று வைத்து, 6,500-க்கு மேற்பட்ட எழுத்துகளின் ஒலிப்பை வாக்கெடுத்துத் தீர்மானித்தனர். ஒலியைக் காட்டும் குறியீடுகளை 1918-இல் சர்க்கார் வெளியிட்டது.

அப்பொழுதுதான் கிராமபோன் பள்ளிக்குள் நுழைந்தது. மொழியறிஞர் ஜாவ் யுவான்ரென் நியூயார்க்கில் தம் குரலில் பாடங்களைப் பதிவு செய்தார். அத்தட்டுகளும் பாடநூலும் 1922-இல் வெளிவந்தன. கருவி நேர்த்தியானது, குரலும் தெளிவானது. ஆனால் அதிலொரு வேடிக்கை உண்டு. வாக்கெடுத்துச் சமைத்த அந்த ஒலிப்பை எந்த ஊரிலும் எந்தத் தாயும் தன் குழந்தையிடம் பேசியதில்லை! எல்லா மாகாணத்தையும் திருப்தி செய்ய முயன்று, எவருக்கும் தாய்மொழியல்லாத ஒன்றை அவர்கள் படைத்துவிட்டனர். பல்லாண்டு காலம் அதனைச் சரிவரப் பேசக்கூடியவர் தாம் ஒருவரே என்று ஜாவ் பிற்காலத்தில் நகைத்துக்கொண்டார். 1932-இல் பீக்கிங் நகரத்து உயிருள்ள பேச்சே பொது ஒலிப்பாக நிலைநாட்டப்பட்டது. எத்துணை உயர்ந்த கருவியாயினும், அதனுள் வைப்பது மக்களிடம் வாழும் மொழியாக இருந்தாலன்றிப் பயனில்லை என்னும் பாடத்தை அத்தட்டுகள் கற்பித்தன.

மற்றொரு தட்டின் கதை நம் நாட்டோடு சேர்ந்தது. புகழ்பெற்ற நாவலாசிரியர் லாவ் ஷெ 1924 முதல் 1929 வரை லண்டனில் சீனம் கற்பித்தார். லிங்குவாபோன் கம்பெனி வெளியிட்ட சீன மொழிப் பாடத்தட்டுகளில் பேசுபவர் அவரே. பீக்கிங்கின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவராதலின், அவர் குரலில் அந்நகரத் தெருவின் உயிர் இருந்தது. தாய்நாடு திரும்பும் வழியில், கப்பற் செலவுக்குப் பணம் போதாமல் 1929-இன் பிற்பகுதியில் சிங்கப்பூரில் இறங்கி, சீன உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் ஆசிரியராக இருந்தார். தென்கடல் நாடுகளைத் திருத்திய சீனரின் உழைப்பைப் பெருங்கதையாக எழுத எண்ணி வந்தவர், இங்கே எழுதத் தொடங்கியது ஒரு சிறுவர் கதை. ‘சியாவ்போவின் பிறந்தநாள்’ என்னும் அக்கதையில் சிங்கப்பூரின் சீனக் குழந்தைகளும் மலாய்க் குழந்தைகளும் இந்தியக் குழந்தைகளும் கூடி விளையாடுகின்றனர். பெரியவர்கள் ஊர், இனம், மொழி என்று பிரிந்து நிற்க, குழந்தைகள் அப்பிரிவை அறியார் என்பது அதன் உட்கருத்து. பண்பாட்டைக் கற்பிப்பது என்றால் பழம்பெருமையைப் பட்டியலிடுவதன்று. அடுத்த வீட்டானை அறியச் செய்வதே என்பதற்கு அந்நூல் சான்று.

வானொலியும் வயல்வெளி அரங்கும்

யென்னின் இயக்கம் 1926 முதல் வட சீனத்து டிங் சியன் மாவட்டத்தில் வேரூன்றியது. மக்கள் தொகை ஏறக்குறைய நான்கு இலட்சம். எழுத்து, தொழில், சுகாதாரம், தன்னாட்சி என்னும் நான்கையும் சேர்த்தே கற்பித்தனர். கிராமங்களில் வானொலிப் பெட்டி வைத்து, விலைவாசியும் பயிர்ச்செய்தியும் பாட்டும் கேட்கச் செய்தனர். 1932-இல் நாடகாசிரியர் சியூங் ஃபோசி அங்குச் சென்று, உழவரையே நடிகராக்கி வெட்டவெளி அரங்கம் நடத்தினார். காண்போனும் நடிப்போனும் ஒருவனாயினர்.

அவர்கள் செய்த இன்னொரு செயல் சிறப்பாகக் கருதத்தக்கது. அப்பகுதி உழவர் வழிவழியாக ஆடிப்பாடி வந்த யாங்கு என்னும் கூத்துகளை, படிப்பறியாக் கூத்தர் வாய்ப்படக் கேட்டு எழுதி, 1933-இல் 48 நாடகங்களாக அச்சிட்டனர். நகரத்தான் கொணர்ந்து திணிப்பதே பண்பாடு என்னாமல், கிராமத்தானிடம் உள்ளதும் பண்பாடே என்று ஒப்புக்கொண்ட செயல் அது. எழுத்துக் கற்ற உழவன் படிக்க நூல் இல்லாவிட்டால் கற்றதை மறந்துவிடுவான் என்பதையும் அவர்கள் கண்டனர். ஆதலின் எளிய சிறு நூல்களை நூற்றுக்கணக்கில் வெளியிட்டனர்.

1937-இல் ஜப்பானியர் படையெடுப்பு அவ்வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. யென் பின்னர்ப் பிலிப்பைன் தீவில் 1960-இல் கிராமப் புனரமைப்புக் கழகம் ஒன்றை நிறுவி, 1990-இல் மறைந்தார்.

1949-இல் மக்கள் குடியரசு அமைந்தபோது, சீன மக்களுள் நூற்றுக்கு எண்பதின்மர் எழுத்தறியாதவர் எனக் கணக்கிடப்பட்டது. 1952-இல் சீ சியன்ஹுவா என்னும் படைவீரர்களின் ஆசிரியர், ஒலிக்குறியை ஊன்றுகோலாகக் கொண்டு விரைவில் எழுத்துக் கற்பிக்கும் முறையைப் பரப்பினார். 1956-இல் கோடுகள் குறைந்த எளிய எழுத்துகள் வந்தன. 1958-இல் உரோமன் எழுத்தால் ஒலியைக் காட்டும் பின்யின் முறை சட்டமாயிற்று. அதனை வகுத்த குழுவில் முதன்மையாக உழைத்த ஜோ யூகுவாங் 111 வயது வாழ்ந்து 2017-இல் காலமானார். 2020-இன் மக்கட் கணக்கில் எழுத்தறியாதோர் நூற்றுக்கு 2.67 பேர். எழுத்தை ஒழித்தாலன்றி எழுத்தறிவு வாராது என்று வாதித்தோர் முன்னே, எழுத்தும் நின்றது, எழுத்தறிவும் வந்தது.

திரைக்குள் புகுந்த எழுத்து

கணிப்பொறி தோன்றிய காலத்தில் சீன எழுத்துக்கு அது சுடுகாடாகும் என்று சிலர் எண்ணினர். 26 விசையில் பல்லாயிரம் எழுத்தை எங்ஙனம் அடக்குவது? 1980-இல் சீன அரசு 6,763 எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணிப்பொறிக்குரிய பட்டியலை வகுத்தது. 1992-க்குள் உலகப் பொது யூனிக்கோட் முறையில் 20,902 எழுத்துகள் இடம்பெற்றன. ஒலியைப் பின்யினில் தட்டினால் உரிய எழுத்துகள் வரிசையாகத் தோன்றும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். பாமரனுக்கு ஊன்றுகோலாகப் பிறந்த பின்யினே கணிப்பொறிக்குத் திறவுகோலாயிற்று.

1997-இல் ஒருவர் தொடங்கிய சீன-ஆங்கில இணைய அகராதி ஒன்று, சீடிக்ட் என்னும் பெயரால் தொண்டர் பலரின் உழைப்பில் வளர்ந்து, இன்று 1,20,000-க்கு மேற்பட்ட சொற்களை இலவசமாக வழங்குகிறது. ஊதியமின்றி உழைத்த சாங்ஷாத் தொண்டரின் மரபு இங்கே தொடர்கிறது. 2020 பிப்ரவரியில் கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, சீன அரசு இணையப் பள்ளியைத் திறந்ததோடு நில்லாமல், இணையம் எட்டாத மலைக்கிராமங்களுக்காகச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியிலும் பாடம் ஒளிபரப்பியது. புதிய கருவி எட்டாதவனுக்குப் பழைய கருவியேனும் எட்டவேண்டும் என்ற எண்ணம் போற்றத்தக்கது.

நன்மையோடு இழப்பும் உண்டு. விசையைத் தட்டியே பழகியவர்க்குக் கையால் எழுதும்போது எழுத்து மறந்துபோகிறது. இதனை உணர்த்தவே 2013-இல் சீனத் தொலைக்காட்சி சிறுவருக்கு எழுத்துப் போட்டி நடத்தியது. அரங்கிலிருந்த பெரியவர்களுள் பலர் ‘தேரை’ என்னும் எளிய சொல்லை எழுத இயலாமல் விழித்தனர்.

மற்றோர் இழப்பு சிங்கப்பூரில் நம் கண்முன் நடந்தது. 1949-இல் தொடங்கிய ரெடிபியூஷன் கம்பி வானொலியில் லீ டாய் சோ என்பார் காண்டனியத்தில் கதை சொல்ல, கடைத்தெருவெல்லாம் செவிசாய்க்கும். அமா வேலை செய்த மூதாட்டிக்கும் சுமைதூக்கிய கிழவனுக்கும் பண்பாட்டுப் பள்ளி அதுவே. 1979-இல் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் தொடங்கிற்று. பல கிளைமொழி பேசுவோரை ஒன்றுசேர்க்கவும், பள்ளிப் பிள்ளைகளின் சுமையைக் குறைக்கவும் அது வேண்டுமென்று அரசு கருதியது. பொதுமொழி பரவியதும் உண்மை. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிளைமொழிக் கதைகள் நின்றுபோயின. பெயரன் பேசுவது பாட்டிக்கு விளங்கவில்லை. பாட்டி சொன்ன கதை பெயரனுக்கு எட்டவில்லை. தாவின் சிற்றாசிரியன் பாட்டியை எழுத்துலகுக்குள் அழைத்து வந்தான். இங்கேயோ புதுக்கருவி பாட்டியை வெளியே நிறுத்திவிட்டது. கருவி ஒன்றே, அதனை ஏவும் எண்ணத்தால் பயன் வேறாகிறது.

நாம் கொள்ளவேண்டியது

மலேசியாவின் சீனத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கின்றனர். அவர்கள் வீட்டில் சீனம் அறிந்தவர் எவருமிலர். மாலையில் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குரலின் ஏற்ற இறக்கம் தெரியாமல் அப்பிள்ளை தவிக்கும்போது, கைப்பேசியிலிருந்து எழும் ஒலி உண்மையில் ஓர் உதவியாசிரியனே. அதனை வேண்டாமென்று தள்ளுவது பேதைமை. ஆயின் கைப்பேசியை வாங்கிக் கொடுத்தவுடன் கடமை தீர்ந்ததென்று பெற்றோரும் ஆசிரியரும் எண்ணுவது அதனினும் பெரிய பேதைமை. பூலோன் முகாமில் இருந்தவை ஒரு பலகையும் சிறிது சுண்ணாம்புக் கட்டியும் போன்ற எளிய சாதனங்களே. அங்கே நாற்பதின்மருள் முப்பத்தைவரைத் தேறச் செய்தது எது? இவர்கள் கற்கக்கூடியவர்கள் என்று நம்பிய ஒருவர், இரவுதோறும் அவர்களோடு உட்கார்ந்தமையே.

தோழர்களே! அடுத்த கடையில் இருக்கும் சீனரோடு ஐம்பதாண்டு பழகியும், அவர் கடைப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டறியாதவர் நம்மில் பலர். அவரும் நம் எழுத்தை அவ்வாறே வெறும் கோலமாகக் காண்கிறார். இன்று அறிவதற்கு வழி கையளவு பெட்டிக்குள் இருக்கிறது. நாளொன்றுக்கு ஐந்தெழுத்தைப் பிள்ளை கற்கட்டும். அவற்றை மாலையில் தாய்க்கும் தந்தைக்கும் கற்பிக்கட்டும். நம் தமிழையும் அவ்வாறே அடுத்த வீட்டுச் சீனப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். விளக்கு, தட்டு, வானொலி, திரை என்று கருவிகள் மாறிக்கொண்டே வரும். மாறாதது ஒன்றே: எழுத்து கடினம் என்று உழைப்பாளியிடம் சொல்பவன், பெரும்பாலும் அதனைக் கற்பிக்க மனமில்லாதவன். அவனுக்கு மறுமொழி கூற நூறாண்டுக்கு முன்பே முப்பத்தைந்து கூலிகள் பேனாவைக் கையில் எடுத்துவிட்டனர்.